சென்ட் நிபுணரின் மூக்கு

செவ்வாய், இரவு.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: எங்கள் பன்னிரண்டாம் வகுப்பின் சென்ட் நிபுணர் இன்று மதியம் பதவி இழந்தார். அரை சென்ட் நிலம்கூட இல்லாத எனக்கு அந்தப் பதவிதான் சொத்து.

டியோ முதல் பீரியட் வரை நிற்கும், கொலோன் மதியம் வரை, பெர்ஃப்யூம் சாயங்காலம் வரை, அத்தர் மறுநாள் குளிக்கும் வரை என்று ஒரு வாரமாக வகுப்புக்கே பாடம் எடுத்தேன். மூன்று நாளாகச் சளியில் மூக்கு அடைத்திருப்பதை என் கூட்டாளி கார்த்தியிடம் மட்டும்தான் சொன்னேன். அவன்தான் இன்று எல்லார் முன்னாலும் என் கண்ணை மூடச் சொல்லி, மணிக்கட்டை நீட்டினான்.

“இது என்ன வகைடா? சொல்லு பாக்கலாம்.”

“அசல் அத்தர்டா. அரபு நாட்டுச் சரக்கு.”

“நெய்யிடா! ஏஞ்சாமி, உங்க ஊட்டுல நெய்யே கண்டதில்லயா?”

நெய்க்குப் பேர்போன ராசிபுரத்துக்காரனுக்கே நெய் வாசம் தெரியவில்லை என்று வகுப்பே சிரித்தது. இத்தனை நாள் இப்படிக் குறும்பு செய்து நாங்கள் இருவரும் சேர்ந்துதான் எல்லாரையும் ஏமாற்றினோம். என்னை ஏமாற்ற அவன் எல்லாரோடும் சேர்ந்துகொண்டான்.

சரி, இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். மூக்கு திறந்திருந்தாலும் எனக்கு எல்லாம் ஒரே வாசம்தான். அந்த வகைகளைக் கடையில் அட்டைப்பெட்டி பார்த்து மனப்பாடம் செய்தேன். நான் தினமும் பூசிக்கொண்டு போவது அம்மாவின் பவுடர்.