உரசல் பழகாது

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் "நல்லா இருக்கேன்" என்று சொல்வதற்கு முன்னால் நீ ஒரு மூச்சு இழுத்துக்கொள்கிறாய். அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். இந்தக் கடிதத்தை உன் தையல் கடை விலாசத்துக்கே அனுப்புகிறேன். அத்தான் கையில் சிக்க வேண்டாம்.

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு இருமல் விட்டுவிட்டது.

கடையில் புது ஸ்பீக்கர்களை ஓடவிட்டுக் கேட்பது இப்போது என் வேலை. புதிதில் ஸ்பீக்கரின் கோன், அதாவது அதிர்கிற கூம்புத்தாள், விறைப்பாக இருக்கும், பாட்டு தொண்டை கட்டிய மாதிரி வரும். கொஞ்ச நாள் ஓடினால் விளிம்பு இளகி, பாட்டின் கனமான அடிச்சத்தம் சற்றுத் தாராளமாக வரும். முதலாளி எந்தக் கோளாறுக்கும் இதையே மருந்தாகச் சொல்வார்: "ஓடட்டும், பழகிடும்."

நேற்று ஒரு நடன டீச்சர் எங்களிடம் வாங்கின ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இத்தனை நாள் ஓடவிட்டும் கரகரங்குது என்றார். கோனை விரல்களால் மெல்ல அழுத்திப் பார்த்தேன். உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் உரசுகிறது. விறைப்பு இளகும் அக்கா, உரசல் இளகாது. ஓட ஓடக் கம்பிச்சுருள்தான் தேயும்.

வழக்கமானதைச் சொல் என்று முதலாளி கண்ஜாடை காட்டினார். இது பழகாது டீச்சர், மாத்தித்தான் தரணும் என்றேன். வாயே திறக்காத எனக்குக் கடையில் மியூட் என்றுதான் பெயர். "நம்ம மியூட்டுக்கு வால்யூம் வச்சது யாருப்பா?" என்று மெக்கானிக் அண்ணன் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. வேறு பெட்டி கொடுத்து அனுப்பிவிட்டு, நாளைக்கு வாயை வீட்டுல வச்சிட்டு வா என்றார்.

வீட்டிலும் நான் வாயைச் சும்மா வைக்கவில்லை. அம்மா சித்தியிடம் போனில் உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை கொஞ்சம் கோபக்காரர், கை நீட்டுறார்தான், போகப் போகப் பழகிடும் என்றாள். போனை வாங்கி வைத்தேன். பழகாதும்மா என்றேன். நாலு பேர் என்ன சொல்வாங்க என்று கேட்டாள். அந்த நாலு பேரும் போய் அவர்கிட்ட அடி வாங்கிட்டு வந்து சொல்லட்டும் என்றேன்.

நீ பழகிக்கொள்ளாதே அக்கா. யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டாம், கட்டின துணியோடு புறப்படு. நீ நன்றாக இருக்க வேண்டும்.

அலமாரியில் நடுத்தட்டைக் காலி செய்து, என் துணிகளைக் கீழே இறக்கிவிட்டேன்.

உன் தங்கை