ஐப்பசியின் பதினெட்டு நாள்

ஆரணி,
1.7.1982

அன்பு நண்பன் தணிகாசலத்துக்கு,

ஏசுதாஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நானும் பாக்கியமேரியும் சுகம். சென்னையில் நீயும் வீட்டாரும் சுகந்தானே?

பத்திரிகையும், தறிக்குழி ஈரத்தைப் பற்றிய நம் கட்டுரையின் தனிப்பிரதிகள் பத்தும் நேற்று வந்தன. உன் பெயருக்குக் கீழே என் பெயரைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் பார்த்தேன். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் சொல்லி ஓய்வு பெற்றவன் பெயர் ஆராய்ச்சிப் பத்திரிகையில் வரும் என்று வேலூர் விடுதியில் யாராவது சொல்லியிருந்தால், முதலில் சிரித்திருப்பது நீதான். பாக்கியமேரிக்கு மட்டும் ஒரு குறை. "ஒரு வருஷம் முள்ளிப்பட்டுக்கு சைக்கிள் மிதிச்சு தெர்மாமீட்டர் பாத்தது நீங்க. அவரு பேரு எப்படி மேல வந்துச்சு?" என்கிறாள். கட்டுரை எழுதியது அவன் என்று சொல்லியிருக்கிறேன்.

நெசவாளர் சங்கத்துச் செயலாளர் பரசுராமனிடம் பெருமையாக ஒரு பிரதி கொடுத்தேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் முள்ளிப்பட்டு போய், சடையனுக்கும் அவன் மனைவி காத்தாயிக்கும் தமிழில் சொல்லப் போகிறேன். அவர்கள் கால் விட்டு மிதிக்கும் தறிக்குழியில்தானே ஈரம் காட்டும் தெர்மாமீட்டர் தொங்கியது.

உன்,
ஏசுதாஸ்


ஆரணி,
14.7.1982

அன்பு தணிகாசலம்,

ஒன்று கேட்க வேண்டும். கோபமாக எழுதவில்லை, நீயும் அப்படிப் படிக்காதே.

அட்டவணையை நாள்வாரியாகப் படித்துச் சொன்னேன். குழியில் எவ்வளவு ஈரம், அன்று நெய்யும்போது எத்தனை இழை அறுந்தது என்று. 1980 ஐப்பசிக்கு வந்ததும் காத்தாயி நிறுத்தினாள்.

"அந்த மாசம் பதினெட்டு நாளு குழியில தண்ணி நின்னுகினு இருந்துச்சே சார். தறி எங்க ஓடிச்சு? தவளதான் நெய்ஞ்சிகினு இருந்துச்சு."

சடையன் சிரித்தான். நானும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன். பதினெட்டுக் கட்டங்களிலும் கோடுதான் போட்டிருக்கிறேன். உன் அட்டவணையில் அந்தக் கட்டங்களில் நாலு, மூன்று, மூன்று என்று எண்கள் இருக்கின்றன. வருஷத்திலேயே குறைந்த எண்கள் அவை. அவற்றை வைத்துத்தான் மழைக்காலமே நெசவுக்கு மிக ஏற்றது என்று முடித்திருக்கிறாய்.

அந்தத் தெருக்காரர்கள் குழியை மூடி, தறியைத் தரைக்கு மேலே மரச்சட்டத்தில் நிறுத்தித் தரும்படி சங்கத்தில் இரண்டு வருஷமாகக் கேட்கிறார்கள். ஆகஸ்டு 28 கூட்டத்தில் முடிவு. நேற்று பரசுராமன் நான் கொடுத்த பிரதியையே காத்தாயியிடம் தூக்கிக் காட்டி, "மழைதான் உங்களுக்கு நல்லதாம். உங்க வாத்தியார் பேரே போட்டிருக்குது" என்றாராம்.

அந்த எண்கள் எங்கிருந்து வந்தன?

ஏசுதாஸ்


சென்னை,
22.7.1982

அன்புள்ள ஏசுதாஸ்,

நலம். எண்கள் நான் போட்டவைதான். மழையில் சைக்கிளில் போக முடியாமல் நீ விட்டிருப்பாய் என்று நினைத்தேன். நோட்டில் காரணம் ஒன்றும் இல்லையே. முன்னும் பின்னும் உள்ள நாட்களைப் பார்த்து, ஈரம் ஏற ஏற இழை அறுவது குறைந்த கணக்கில், நடுவில் என்ன வந்திருக்கும் என்று நிரப்பினேன். அட்டவணையில் ஓட்டை இருந்தால் பத்திரிகையில் கேள்வி கேட்பார்கள். எங்கள் கல்லூரியில் இதை யாரும் தப்பாக நினைப்பதில்லை.

செப்டம்பர் 20 பேராசிரியர் பதவிக்கு நேர்காணல். நான் காட்டக்கூடிய கட்டுரைகளில் இதுதான் உருப்படி. ஓய்வுக்கு இன்னும் இரண்டே வருஷம். அதுவரை எதுவும் செய்யாதே. பிறகு இருவரும் யோசிப்போம்.

விடுதியில் உனக்கு டைபாய்டு வந்தபோது நாற்பது நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவன் நான். சொல்லிக் காட்டுகிறேன் என்று நினைக்காதே. நினைத்தாலும் சரி.

உன்,
தணிகாசலம்


ஆரணி,
31.7.1982

அன்பு தணிகாசலம்,

கஞ்சி ஞாபகம் இருக்கிறது. உப்பு போட ஒரு நாளும் உனக்கு ஞாபகம் இருந்ததில்லை.

பரீட்சைக்கு வராத பையனுக்கு, முந்தின பரீட்சையையும் பிந்தின பரீட்சையையும் பார்த்து நடுவில் ஒரு மார்க் போடுவோமா? ஆப்சென்ட் என்றுதானே எழுதுவோம். அவன் ஏன் வரவில்லை என்று விசாரித்தால் சில சமயம் பாடத்தைவிடப் பெரிய சங்கதி தெரியவரும். இங்கே அந்தச் சங்கதி, குழியில் நின்ற தண்ணீர். நீ ஒரு கார்டு போட்டுக் கேட்டிருக்கலாம்.

என் தப்பும் உண்டு. ஐப்பசியில் தறி ஏன் நின்றது என்று முள்ளிப்பட்டில் யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் நானும் காரணம் எழுதவில்லை. நோட்டைச் சென்னையில் ஒருவன் படிப்பான் என்பதை மறந்துவிட்டேன். பத்திரிகைக்காரர்கள் இருவர் கையெழுத்தும் கேட்டபோது நீ கடைசித் தாளை மட்டும் அனுப்பினாய். நானும் போட்டுக் கொடுத்தேன். புரோகிரஸ் கார்டைப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட தகப்பன்கள் எத்தனை பேரைக் கடிந்திருப்பேன்.

பரசுராமனிடம் நேரில் சொன்னேன். "அச்சுல வந்ததை வாயால மாத்த முடியுமா சார்? பத்திரிகைக்காரங்க கிட்ட எழுதி வாங்கினு வாங்க" என்றுவிட்டார். உன் தேதி செப்டம்பர் 20. காத்தாயியின் தேதி ஆகஸ்டு 28. நாலு நாள் இரண்டையும் காலண்டரில் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பத்திரிகை ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். இரண்டு பேர் தப்பும் அதில் இருக்கிறது. இந்த முறை முழுவதும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். மேலே உனக்கு இடம் விட்டிருக்கிறேன். உறையில் தபால்தலையும் ஒட்டியாயிற்று. நீயே பெட்டியில் போடு. பத்தாம் தேதிக்குள் உன்னிடமிருந்து ஒரு வரி வராவிட்டால் என் பெயரில் தனியாக எழுத வேண்டியிருக்கும். அது நான் எழுத விரும்பாத கடிதம்.

உன்,
ஏசுதாஸ்


சென்னை,
7.8.1982

போட்டுவிட்டேன்.

தணிகாசலம்


ஆரணி,
30.8.1982

அன்பு தணிகாசலம்,

ஆசிரியரின் பதில் வந்தது. அடுத்த இதழில் திருத்தம் போடுகிறார்களாம். பதினெட்டு நாளும், அவற்றை வைத்துச் சொன்ன முடிவும் நீக்கப்படும். அந்தக் கடிதத்தைச் சங்கக் கூட்டத்தில் பரசுராமனே வாசித்தார். இந்த வருஷம் நாலு தறியை மேலே நிறுத்துகிறார்கள்; சடையன் தறி அதில் ஒன்று.

நீ அதற்குமேல் ஒரு வரியும் எழுதவில்லை. இருபதாம் தேதி நல்லபடியாக முடிய வேண்டும் என்று இரண்டு பேரும் ஜெபிக்கிறோம்.

உன்,
ஏசுதாஸ்


சென்னை,
24.9.1982

ஏசுதாஸ்,

பதவி வேறொருவருக்குப் போயிற்று. திருத்தத்தைப் பற்றித்தான் முதலில் கேட்டார்கள். நான்தான் நிரப்பினேன் என்று சொன்னேன். ஒருவர் மட்டும், அந்தத் தறிக்குழியைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்குப் பிறகு வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றதுதான் ஞாபகம் இருக்கிறது.

உன் மேல் கோபம் இருந்தது. முழுவதும் போய்விட்டது என்று எழுதினால் அதுவும் நானாகப் போட்ட எண்தான்.

குழியில் தண்ணீர் ஏறினால் ஒரு கார்டு போடு.

தணிகாசலம்


ஆரணி,
27.10.1982

அன்பு தணிகாசலம்,

இன்று காலை ஏறிவிட்டது. சடையன் தறி மேலே ஓடுகிறது. பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் தறி நின்றுவிட்டது, குழியில் முழங்கால் அளவு தண்ணீர். தவளை வந்துவிட்டதாக உனக்கு எழுதச் சொன்னாள் காத்தாயி. செய்யாறு வழி பஸ்ஸில் வா. பழைய வேட்டி கொண்டு வா.

புது நோட்டில் பச்சையம்மாள் தறிக்கு இன்றைய கட்டத்தில் கோடு போட்டு, பக்கத்தில் காரணமும் எழுதிவிட்டேன். நீ வருகிற நாளின் கட்டத்தை விட்டு வைக்கிறேன். நேரில் பார்த்து, நீயே எழுது.

உன்,
ஏசுதாஸ்