கூரையில் இருந்த துடுப்பு

வைத்திக்குப்பம்
1962, ஆவணி மாசம்

என் சென்னாங்குன்னி மவனுக்கு, அம்மா எழுதுறது. அந்தக் குளிர் நாட்டுல நீ நோய்நொடி இல்லாம இருக்கணும். நாங்க இங்க சொகம்னு எழுதக் கை வரலடா. உங்க அப்பா ஆடி கடைசி வெள்ளிக்கிழமை போய்ட்டாரு, ஒன்பது நாள் காய்ச்சல். மூணாவது படிச்ச எழுத்துல நானே கூட்டி எழுதுறேன், இதை இன்னொருத்தரை வச்சு எழுத முடியாது.

நீ வெள்ளக்காரன் பட்டாளத்துல சொல்தாவா சேர்ந்து, மேரி ஆபீசுல போய் நம்ம வழக்கம் வேணாம் வெள்ளக்காரன் சட்டமே போதும்னு கையெழுத்துப் போட்டு, பேரையும் மாத்திக்கிட்டப்போ, குப்பத்து நாட்டாரா இருந்த மனுசன் என்னா பண்ணுவாரு. அதே குத்தத்துக்குத்தான் முந்தின வருஷம் அஞ்சலாட்சி மவன் அம்மாவாசையைத் தலைக்கட்டுல இருந்து நீக்கி, அவன் துடுப்பைக் கரையில வச்சுக் கொளுத்தினாரு. துடுப்பு எரிஞ்சா ஆள் செத்த கணக்கு, பெத்தவகூடப் பேரு சொல்லக்கூடாது. உன் துடுப்பையும் ஊரு பார்க்கக் கொளுத்திட்டுக் கடல்ல தலைமுழுகிட்டு வந்தாரு, அன்னிக்குச் சோறு திங்கல. நானும் அந்த ஊர்க்கட்டுக்குப் பயந்து உன் கடுதாசி ஒவ்வொண்ணையும் பிரிக்காம அடுப்புல போட்டேன், ஒன்பது வருஷம். வெள்ளக்காரன் கொடி இறங்கினதும் இனி நம்ம பேச்சுதான் எடுபடும்னு இருந்தாரு, ஆனா வலைச் சண்டைக்குக்கூடப் போலீசுக்குத்தான் போனானுவ. உங்க அபராதத்தை இப்ப எவன் கட்டுவான் நாட்டாரேன்னு மூஞ்சிக்கு நேரா சிரிச்சானுவ.

பாடைக்கு மூங்கில் பத்தாம நம்ம கூரையில சொருகினதை உருவினப்போ, சாக்கு சுத்தின துடுப்பு ஒண்ணு விழுந்துச்சு. நீ கத்தியால வெட்டின மீன் குறி அப்படியே இருக்கு. உன்னுதுன்னு சொல்லி அன்னிக்கு எரிச்சது அவரோட சொந்தத் துடுப்புடா. அஞ்சலாட்சி பொணத்துக்கு முன்னாடி வந்து நின்னு, என்னா நாட்டாரே, உம் புள்ள துடுப்பு மட்டும் வேகாத கட்டையா, தெருவுல எதுக்க வந்த எம் புள்ளைய யாரோன்னு தாண்டிப் போனேனே, அவன் ஆசுபத்திரியில நாதியத்துச் செத்தானேன்னு கேட்டா. கொள்ளி வைக்க ஈரத்துணியோட நின்ன உன் சித்தப்பா மவன் வைத்திலிங்கம் சட்டியைக் கீழ வச்சுட்டான். துடுப்பு இருந்தா அண்ணன் இருக்கான், புள்ள இருக்க நான் எப்படிக் கொள்ளி வைக்கிறதுன்னான். பொழுது சாயுற வரைக்கும் அவரு வாசல்லயே கெடந்தாரு, ஈ மொய்க்குது. எனக்குப் பொறுக்கல. அந்தத் துடுப்பையும் அவரு நெஞ்சு மேல வச்சுக் கொளுத்துங்கன்னு நான்தான்டா சொன்னேன். பெத்த வாயால சொன்னேன்.

காரியத்தன்னிக்கு உன் கடுதாசி வந்துச்சு. நான் பிரிச்ச முதல் கடுதாசி அதுதான். அப்பா கோவம் ஆறிடுச்சாம்மா, தையில புள்ளையத் தூக்கிக்கிட்டு வரட்டுமான்னு கேட்டிருக்க. வா சாமி, ஆனா குப்பத்துக்கு வந்துடாத, இப்ப நீ நெசமாவே செத்த கணக்கு. ரெட்டியார்பாளையத்துல என் அக்கா சொர்ணம் வீட்டுல இறங்கு, மீன் கூடையைத் தூக்கிக்கிட்டு நான் அங்க வந்து பார்க்குறேன். புள்ளைக்குக் காதை மூடித் துணி கட்டு. நீயும் உன் பொண்டாட்டியும் ஆயுசோட இருங்க, கடலம்மா காப்பாத்துவா.

இப்படிக்கு
உன் அம்மா செல்வாம்பாள்

துடுப்பு இருக்குதுடின்னு உங்க அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் கடுதாசிய எரிச்சிருப்பேனா. நான் அடுப்புல போடுறதை வாசப்படியில உட்கார்ந்து பார்த்துக்கிட்டுதான் இருந்தாரு. ஏன்டா சாமி அந்த மனுசன் என்கிட்டகூடச் சொல்லல?