அடிச்சேற்றில் கை வைத்தவள்

ஆசை அக்காவுக்கு,

பென்னலூரில், கம்பெனிப் பெண்கள் தங்கும் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று எனக்கு ஷிப்ட் இல்லை. காய்ச்சல் என்று படுத்த நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் முடிந்துவிட்டது.

நம்மூர்க் கழிமுகத்தில் எண்ணெய் வந்து படிந்ததும் முதலில் கிளம்பியவள் நான்தான். "ஒரகடத்துல கம்பெனி வேல கீது, நீயும் வாக்கா" என்றேன். நீ அசையவில்லை. "இறாலே இல்லாத தண்ணியில இன்னா பண்ணப் போற?" என்று சத்தம் போட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். வீம்புக்காரி என்றுதான் உன்னை நினைத்தேன்.

இங்கே என் வேலை, மெஷினிலிருந்து வரும் இரும்புப் பாகங்களில் எண்ணெய் துடைப்பது. துணியால் ஒரு இழுப்பு, போய்விடும். அங்கேயும் அப்படித்தான் போயிருக்கும் என்று நம்பத் தொடங்கியிருந்தேன்.

போன ஞாயிறு உனக்குப் படைக்க ஊருக்கு வந்தேன். பக்கத்து வீட்டு அஞ்சலை, நாம் கையால் இறால் தடவிய இடத்துக்கு என்னைக் கூட்டிப்போனாள்.

"ஆபீசருங்க வந்து, தண்ணி சுத்தமாய்ட்ச்சி, எறங்கலாம்னாங்க. உங்கக்கா முழங்கை வரிக்கும் கைய வுட்டு ஒரு புடி சேத்த எடுத்து நீட்டுச்சி. 'மேல தெளிஞ்சி கீது சார். இத்த மோந்து பாருங்க'ன்னுச்சி. அப்புறம் வாராவாரம் அது தொட்டுப் பாத்துச் சொன்ன எடத்துலதான் நாங்க எறங்குவோம்."

ஏன் என்னிடம் சொல்லவில்லை அக்கா? நான் ஒருமுறையாவது கேட்டேனா?

இறங்கினேன். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. கையை ஆழமாக விட்டதும் கறுப்புச் சேறும் அந்த நாற்றமும் வந்தன. தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் பல நிறமாக விரிந்தது. அன்று இடுப்பளவு எண்ணெய் அப்பிய அலையாத்திச் செடிகள் பட்டுப்போய்க் குச்சியாக நிற்கின்றன. கழிமுகப் பாலத்துக்கு மேற்கே மட்டும், நீ கடைசியாகக் காட்டியதாக அஞ்சலை சொன்ன இடத்தில், சேறு சாம்பல் நிறம், நாற்றமில்லை. நகத்தளவு இறால் குஞ்சு ஒன்று விரலில் முட்டியது. பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன்.

கரையேறும்போது அஞ்சலை கேட்டாள்: "உங்கக்கா போனப்புறம் குத்துமதிப்பாத்தான் எறங்குறோம். இனிமே எங்களுக்கு யாரு பாத்துச் சொல்றது?"

அதற்குப் பதிலை உன்னிடம் சொல்கிறேன். வேலையை விட முடியாது அக்கா. ஆனால் மாதம் ஒரு ஞாயிறு வருவேன், கை வைத்துப் பார்ப்பேன். கறுப்பு வந்தால் கறுப்பு என்றே சொல்வேன், எதிரே யார் நின்றாலும்.

உன்னைப் புரிந்துகொள்ளத் தாமதித்த தங்கச்சி,
சரசு