சாட்சிக்குப் பங்கில்லை

மார்ச் 4, செவ்வாய்

காலையில் ஒரு மாணவி என்னையும் சேர்த்துக் காரை மருந்துக் கடைக்குள் நிறுத்தப் பார்த்தாள். என் காலடியில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக் இருப்பதால்தான் இந்த ஊரில் இன்னும் மருந்துக் கடைகள் இருக்கின்றன. ஓட்டுநர் பயிற்சிச் சக்கரவர்த்தியாகிய நான் இதுவரை காப்பாற்றிய உயிர்களை ஒன்றுசேர்த்தால் ஒரு தேசமே அமைக்கலாம். யாரும் அமைப்பதில்லை. நன்றி கெட்ட உலகம்.

வீட்டுக்கு வந்தால் முன்னறையில் பல்லி சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். மேஜை முழுக்கப் பற்கள். பல்லி என்பது என் அக்கா மகள். சின்ன வயதில் சுவரில் தொற்றி ஏறுவாள் என்று நான் வைத்த பெயர். வளர்ந்து, டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் தொழிலுக்கே போய் என் தீர்க்கதரிசனத்தை நிரூபித்தாள். அந்த முன்னறைதான் அவள் தொழிற்சாலை, கடை, சாம்ராஜ்யம் எல்லாம்.

"அண்ணன் ஆட்சேபணை போட்டிருக்கான் மாமா. அம்மா எழுதின உயில் செல்லாதாம். அம்மாவுக்கு அப்ப சுயநினைவே இல்லையாம்."

அண்ணன் என்றால் துரை. அதுவும் நான் வைத்த பெயர்தான். மூன்று வயதிலேயே சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு சாப்பாட்டில் குறை சொன்னவன்.

சுயநினைவு இல்லையாம். என் அக்காவுக்கு. சாகிறதுக்கு முந்தின வாரம்கூட மாடிப்படியில் நான் செருப்போடு ஏறுகிற சத்தத்தைக் கேட்டுக் கீழே படுத்தபடியே திட்டினவளுக்கு.

உயில் இதுதான்: வீடு பல்லிக்கு. மகனுக்குத் தர வேண்டியதைப் படிப்புக்கும் தொழிலுக்கும் ஏற்கெனவே தந்தாயிற்று. மாடி அறை என் தம்பிக்கு. அங்கே சொட்டுகிற குழாயை அவன் தன் சொந்தச் செலவில் சரி செய்ய வேண்டும்.

செத்த பிறகும் வேலை வாங்குகிறாள். இருந்தாலும் கடந்த சில வாரங்களாக நான் ஒரு நிலப்பிரபு. அறை வாசலில் 'மாடி சமஸ்தானம்' என்று அட்டை எழுதி மாட்டியிருக்கிறேன். குழாய் இன்னும் சொட்டுகிறது. பிரபுக்கள் அவசரப்படுவதில்லை.

மார்ச் 6, வியாழன்

வக்கீலம்மாவைப் பார்த்தோம். என் பழைய மாணவி. அவள் ரிவர்ஸ் எடுத்த காலத்தில் தெரு நாய்கள் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தன. இன்று கறுப்புக் கோட்டில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தாள். என்னை இன்னும் சார் என்றுதான் கூப்பிடுகிறாள்.

வெறும் வெள்ளைத்தாளில் கையால் எழுதியது செல்லுமா என்று பல்லி கேட்டாள்.

"செல்லும்மா. பதிவு பண்ணணும்னுகூட கட்டாயமில்ல. எழுதினவங்க கையெழுத்துப் போட்டதை நேர்ல பார்த்த ரெண்டு சாட்சி வேணும். அவ்வளவுதான்."

"பெத்த மகனுக்குக் கொடுக்காம இருக்கலாமா?"

"அம்மா சொந்த சம்பாத்தியத்துல வாங்கின வீடு. அவங்க இஷ்டம். தாத்தா வழி வந்த சொத்துன்னா கதை வேற."

"அப்புறம் எதுக்குக் கோர்ட்?"

"இந்த உயில் நிஜம்தான்னு கோர்ட் பார்த்து முத்திரை குத்தித் தரும். அதுக்குத்தான் புரோபேட்டுனு பேரு. யாரும் எதிர்க்கலன்னா சட்டுனு முடியும். இப்ப எதிர்க்கிறாங்க. சாட்சி கூண்டேறி, ஆமா, நான் பார்த்தேன்னு சொல்லணும்."

"சாட்சி வரலன்னா?"

"உயில் நிக்காது. வீடு ரெண்டு பிள்ளைக்கும் சரிபாதி. பாதியை நீங்க விலைக்கு வாங்க முடியுமா?"

பல்லியால் முடியாது. துரை ஆள் பார்த்து வைத்துவிட்டான் என்று ஏற்கெனவே தெரியும். பக்கத்து வணிக வளாகத்துக்கு வண்டி நிறுத்த இடம் வேண்டுமாம். வீட்டை இடித்துத் தரை போடுவார்கள். ஊருக்கே கார் நிறுத்தக் கற்றுக்கொடுத்தவனின் கட்டில்மேல் கார் நிறுத்துவார்கள்.

சாட்சிகள் இரண்டு பேர். எதிர்வீட்டுத் தபால்காரர், அக்காவுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மற்றவர் அடியேன்.

அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அக்கா பேக்கரிக்காரரைத்தான் வரச் சொல்லியிருந்தாள். அடுப்பை விட்டு வர முடியவில்லை என்று சொல்லி அனுப்பினார். நான் இருக்க பேக்கரி எதற்கு என்று பேனாவை எடுத்தேன். "நீ வேண்டாம்டா, நீ வீட்டாள்" என்றாள். வீட்டாளுக்குக் கை கிடையாதா என்று கேட்டுப் போட்டேன். மேலே எழுதியிருந்ததைச் செய்தித்தாளால் மறைத்து வைத்திருந்தாள். என் கையெழுத்து மூன்று சுழி, இரண்டு புள்ளி, ரயில் மாதிரி ஒரு வால். விமானத்தில் போகிறவர்களுக்கும் தெரியும்.

வக்கீலம்மா அந்த வாலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், உயிலுக்குச் சாட்சி போட்டவருக்கு அதே உயில்ல ஏதாவது எழுதியிருந்தா, அது மட்டும் செல்லாது. உயில் நிக்கும். உங்க அறை நிக்காது."

விளையாடுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை.

மார்ச் 7, வெள்ளி

குழாய் சொட்டுகிறது. யார் குழாய் என்றே தெரியாத குழாயை நான் ஏன் சரி செய்ய வேண்டும்.

மார்ச் 16, ஞாயிறு

துரை வந்தான். வீட்டுக்குள் வரவில்லை. "ஒரு ரவுண்டு போலாம் வாங்க மாமா" என்று புதுக் காரில் ஏற்றினான். கப்பல் மாதிரி கார். உட்கார்ந்ததும் என் கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. என் பக்கத்தில் பிரேக் இல்லை. வெறும் மிதியடி.

"வயசாச்சு, ஞாபகம் இல்லைன்னு சொன்னா போதும் மாமா. பொய்கூட இல்ல, யாரும் உங்களைத் தப்பா பேச மாட்டாங்க."

"நான் காலையில என்ன சாப்பிட்டேன்னே எனக்கு ஞாபகம் இருக்கேடா."

"உயில் நின்னா உங்களுக்கு அறை கிடையாது, தெரியுமில்ல? நிக்கலன்னா, நான் கட்டப் போற வீட்டுல உங்களுக்குன்னு ஒரு அறை. கீழ்த்தளத்துல. படியேற வேண்டாம். எழுதியே தர்றேன்."

சிக்னலில் நின்றான். அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னான்: "எனக்கு ஒரு கரண்டிகூட எழுதலையே மாமா அவங்க."

படிப்புக்கு வாங்கினாயே, கடை வைக்க வாங்கினாயே என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குரல் உண்மையாகத்தான் இருந்தது. வண்டியைத்தான் இரண்டாவது கியரில் வைத்துக்கொண்டே ஓட்டுகிறான். இன்ஜின் அழுகிறது.

மார்ச் 17, திங்கள்

எனக்கு நானே ஒளிக்காமல் எழுதுகிறேன்.

பயமா இருக்கு. அவ்வளவுதான். கல்யாணம் பண்ணிக்கல, சேர்த்து வைக்கல, சிரிச்சுக்கிட்டே காலத்தை ஓட்டியாச்சு. அந்த ஜன்னல், இரும்புக் கட்டில், கீழே திருப்பத்துல வண்டி நின்னு நின்னு கிளம்புற சத்தம். இதை விட்டா எனக்கு என்ன இருக்கு? ஞாபகமில்லைன்னு ஒரு வார்த்தை. வாயசைச்சா போதும். அந்த வார்த்தைக்கு மேல வண்டி நிறுத்துவாங்க, பல்லி பல் மேஜையைத் தூக்கிக்கிட்டுப் போவா. எங்கே போவா?

அக்கா, நீ வேண்டாம்டான்னு சொன்னப்ப நான் ஏன் கேட்கல?

மார்ச் 18, செவ்வாய்

பல்லி மேலே வந்தாள். துரை என்னிடம் சொன்னதை அவளிடமும் சொல்லியிருக்கிறான் போல.

"எனக்குப் பாதி வந்தா போதும் மாமா. எங்கயாவது வாடகைக்குப் பிடிச்சுத் தொழிலைப் பார்த்துக்கிறேன். உங்களுக்கு ஒரு இடம் நிலையா இருக்கட்டும். அவன் சொல்ற மாதிரியே சொல்லுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் ஓடு பறந்திருக்க வேண்டும். இந்த வீட்டுக்காக அக்கா எத்தனை வருஷம் தையல் மெஷினை மிதித்தாள் என்று எனக்குத் தெரியும். அவள் கடைசியாகக் கையெழுத்துப் போட்டதை நேரில் பார்த்த கண்ணும் என்னுடையது ஒன்றுதான் உயிரோடு இருக்கிறது. இதைப் போய் இரண்டு பிள்ளைகளும் மாற்றி மாற்றி என்னிடம் கடன் கேட்கிறார்கள்.

"நீ கோவிச்சுக்கோ, கோவிச்சுக்காம போ. நான் பார்த்ததைப் பார்த்தேன்னுதான் சொல்லுவேன்."

"சரி. உயில் நின்னா அறை உங்களோடதுதான் மாமா. நான் என்ன உங்களை வெளியே அனுப்பவா போறேன்?"

"உன் தயவுல இருக்கச் சொல்றியா?"

இதற்கு அவள் கோவித்துக்கொண்டாள். படியில் இறங்குகிற சத்தம் அக்காவுடையது மாதிரியே இருந்தது.

மார்ச் 19, புதன்

துரைக்குத் தொலைபேசியில் ஒரே வார்த்தை: மாட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

ஒத்திவைப்பு.

ஜூலை 15, செவ்வாய்

மறுபடி ஒத்திவைப்பு. அந்த நீதிமன்றத்தில் எல்லா கியரும் பழுது, ரிவர்ஸ் மட்டும் அருமையாக விழுகிறது. என்னிடம் கொடுத்தால் ஒரு வாரத்தில் நாலாவது கியரில் ஓட்டிக் காட்டுவேன். பல்லி என்னோடு அளந்துதான் பேசுகிறாள். ஆனால் என் பல் செட்டைத் தானாகவே வாங்கி மெருகு போட்டு வைத்திருந்தாள். "கூண்டுல கழண்டு விழக் கூடாது பாருங்க" என்றாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

வரலாற்று ஆசிரியர்கள் கவனிக்க. இன்று கூண்டேறினேன்.

பார்த்ததைச் சொன்னேன். சாப்பாட்டு மேஜை. அக்கா முதலில் போட்டாள், நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம், பிறகு தபால்காரர், பிறகு நான். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"அன்னைக்கு அந்தம்மா கண்ணாடியைத் தேடினாங்களா?"

"தேடினா. தலைமேல இருந்தது."

"அப்ப மறதி இருந்திருக்கு."

"ஐயா, உங்க கண்ணாடியும் இப்ப தலைமேலதான் இருக்கு."

நீதிபதி குனிந்து எதையோ எழுதினார். எழுதவில்லை, தோள் குலுங்கியது. வக்கீலம்மா எனக்குக் கண்ணாலேயே பிரேக் போட்டாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் கண்ணாடியை இறக்கிக்கொண்டு தன் பெரிய ஆயுதத்தை எடுத்தார்.

"அதே வீட்டுல குடியிருக்கீங்க. உயில்ல உங்களுக்கு ஒரு அறை எழுதியிருக்கு. ஆதாயத்துக்காகத்தானே இந்த சாட்சி?"

இந்தக் கேள்விக்காக நான் மார்ச் மாதத்திலிருந்து காத்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது.

"அந்த அறை எனக்கு இல்லைங்க. சாட்சி போட்டதால போயிடுச்சு. உங்க மனுவுலயே அப்படித்தான் போட்டிருக்கீங்க, வக்கீலம்மா படிச்சுக் காட்டினாங்க. உயில் நின்னா எனக்கு ஒண்ணும் கிடையாது. நிக்கலன்னா ஒரு அறை தர்றதா ஒருத்தர் சொல்லியிருக்கார், படிகூட ஏற வேண்டாமாம். இப்ப நீங்களே சொல்லுங்க, நான் பொய் சொல்றதா இருந்தா எந்தப் பக்கம் சொல்லணும்?"

நீதிபதி கேட்டார்: "யார் அப்படிச் சொன்னது?"

"காருக்குள்ள பேசினதுங்க. பேரைச் சொல்லியே ஆகணும்னா சொல்றேன். ஆனா அவன் என் அக்கா மகன்."

சொல்லி முடித்த பிறகுதான் சொல்லிவிட்டேன் என்று புரிந்தது. துரை தலையைக் குனிந்துகொண்டான். வெற்றிதான். ஆனாலும் அந்தக் குனிந்த தலையில் அக்காவின் சுழி அப்படியே இருந்தது.

இறங்கும்போது சாட்சிப் பதிவில் கையெழுத்துக் கேட்டார்கள். மூன்று சுழி, இரண்டு புள்ளி. வால் அடுத்த பத்திக்குள் போய்விட்டது. எழுத்தர் முறைத்தார்.

அக்டோபர் 9, வியாழன்

உயில் மெய்யென்று தீர்ப்பு. வீடு முழுக்கப் பல்லிக்கு, என் அறையும் சேர்த்து. நான் சொன்னதை 'நம்பத்தக்க சாட்சியம்' என்று எழுதியிருக்கிறார் நீதிபதி. இத்தனை ஆண்டில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. நகல் வாங்கிச் சட்டம் போட உத்தேசம்.

நீதிமன்றப் படியில் துரை கடந்து போனான். போனவன் திரும்பி, "இனி அந்தக் குழாயையாவது சரி பண்ணுங்க மாமா" என்றான். உயிலை எழுத்து விடாமல் படித்திருக்கிறான். பல்லி பின்னாலேயே போய், அம்மாவின் தையல் மெஷினை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அவன் கார் சாவியை உருட்டிக்கொண்டே படியிறங்கினான்.

மாடி சமஸ்தானம் அட்டையைக் கழற்றினேன்.

நவம்பர் 2, ஞாயிறு

பெட்டியைக் கட்டிப் படியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பல்லி பற்களை விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"என்ன மாமா இது?"

"வாடகை வாங்கிக்கிறியா, இல்ல வேற வீடு பார்க்கட்டுமா?"

"உங்ககிட்ட வாடகையா? ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அவங்க பல்லெல்லாம் உன்கிட்ட வாங்கினதுதானே. ஒப்பந்தம் எழுது. என்னைக் காலி பண்ணச் சொல்லணும்னா மூணு மாசம் முன்னாடி எழுத்துல சொல்லணும். தயவெல்லாம் எனக்கு வேண்டாம்."

பெட்டியைப் பிடுங்கி உள்ளே வைத்தாள். பிறகு வீட்டுக்காரியாகவே மாறி, வாடகையில் பேரம் பேசினாள். கூட்டித்தான் கேட்டாள், கேடி.

சாட்சிக்கு யார்? நான் வாயே திறக்கவில்லை. பேக்கரிக்காரர் இந்தத் தடவை மாவுக் கையோடு வந்துவிட்டார். தாளைப் பார்த்துவிட்டு, "இந்த வாலுக்கு அப்புறம் நான் எங்கங்க போடறது?" என்றார். குடியிருப்பவர் என்று அச்சிட்ட இடத்திலிருந்து கிளம்பிய கையெழுத்து தாளின் ஓரத்தில் போய்த்தான் நின்றிருந்தது. இந்தத் தடவை அதற்கு எந்தத் தடையும் இல்லை.

நவம்பர் 5, புதன்

வீட்டு உரிமையாளருக்கு எழுத்துபூர்வமாக நோட்டீஸ் கொடுத்தேன்: 'தங்கள் மாடிக் குழாய் இடைவிடாது சொட்டுவதால் குடியிருப்பவர் சொல்லொணாத் துயரில் ஆழ்ந்துள்ளார். உடனே ஆவன செய்யாவிடில் உயர்நீதிமன்றம்வரை செல்லவும் அன்னார் தயங்கார்.'

மாலையில் ஸ்பேனரும் பல் இடுக்கியுமாக மேலே வந்தாள். குழாயடியில் மண்டிபோட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா இதை உங்களைத்தானே சரி பண்ணச் சொன்னாங்க?"

"அந்த வரி செல்லாதும்மா. சாட்சிக்குப் பங்கில்லை."

சொட்டுவது நின்றுவிட்டது.