அயர்லாந்தில் போட்ட படையல்

என் செல்ல அக்கா கஸ்தூரிக்கு,

நீ போய் மூன்றாவது மாதம் நடக்கிறது. மீன் மார்க்கெட்டில் உன் பலகையில் இப்போது நான்தான் உட்கார்கிறேன். ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து வரும் டீச்சரம்மா, "கஸ்தூரி வெட்டித் தர்ற மாதிரி வெட்டும்மா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறார். வஞ்சிரத்தை நான் தடியாக வெட்டிவிடுகிறேனாம். உன் முதுகுவலியும் எனக்கு வந்துவிட்டது. அங்கே உனக்கு விட்டதா?

உன் மகள் ரேவதியைப் பற்றிச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அயர்லாந்தில் படிக்கிற படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அவள் அப்பா, மாமாவும் வா என்றார். அப்புறம் என்ன ஆனது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டாமா?

விடியற்காலையில் நெஞ்சுவலி என்றாய். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டாய். அவளுக்குப் போன் போட்டது நான்தான். விமானம் பிடித்து அவள் வந்து சேர இரண்டு நாள் ஆகும், அதுவரை உன்னை ஐஸ் பெட்டியில் வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. அவள்தான் சொன்னாள்.

"பொழுதுக்கும் ஐஸ்லயே கைய வெச்சிக்கினு இருந்துச்சி எங்கம்மா. மறுபடியும் ஐஸ்ல வெக்காதீங்க சித்தி. எடுத்துடுங்க."

அன்றைக்கே எடுத்துவிட்டோம். அவள் பார்க்கட்டும் என்று போனைத் தூக்கிப் பிடித்தபடி உன் பின்னால் நடந்தேன். தெருமுனையோடு பெண்கள் நின்றுவிட்டோம். போனும் அங்கேயே நின்றது.

அதற்குப் பிறகு அவள் கிளாஸுக்குப் போகவில்லை. பகலெல்லாம் போர்வைக்குள்ளேயே கிடந்தாள். நாம் தி.நகரில் கடைகடையாக ஏறி இறங்கி வாங்கினோமே ஸ்வெட்டர், அது அந்த ஊர்க் குளிருக்குப் பனியன் மாதிரிதானாம். சிரிக்காமல் சொன்னாள். "காரியம் முடியட்டும் சித்தி, டிக்கெட் போட்டு வந்துடறேன்" என்றாள்.

"வந்துடட்டும்" என்றார் மாமா. "ஆத்தாவே பூட்டா. இன்னும் இன்னாத்துக்குப் படிப்பு?"

எட்டாவதோடு நின்றவள் நான், மேல்படிப்பைப் பற்றி என்ன சொல்வது?

பதினாறாம் நாள் வந்தது. இங்கே நாங்கள் படைக்கும் நேரத்தில் நீயும் அங்கே உன் ரூமிலேயே படைத்துவிடு என்று அவளிடம் சொல்லியிருந்தேன். மீன் இல்லாமல் உனக்குப் படைக்க முடியுமா? டப்பாவில் அடைத்து விற்கிற மீனை வாங்கி, நீ அரைத்துக் கொடுத்தனுப்பிய மிளகாய்த்தூளைப் போட்டுக் குழம்பு வைத்திருந்தாள். லேப்டாப்பில் உன் போட்டோ. அதன் முன்னால் தட்டில் சோறு. நமக்கு மதியம், அவளுக்கு அப்போதுதான் விடிகிறது.

"சாம்பிராணி எங்கடி?" என்றேன்.

"வாணாம் சித்தி. இங்க பொக போடக்கூடாது."

"பொக காட்டாம படையலா? அம்மா எப்டி வரும்? கப்பு சாம்பிராணி பொட்டியில வெச்சி வுட்டமே, அத்த கொளுத்து. இத்தினியூண்டு பொகையில இன்னா ஆயிடப் போவுது?"

கொளுத்தினாள். கொஞ்ச நேரம்தான் போயிருக்கும், ஊரே கூடி அலறுவது போல ஒரு சத்தம். போன் கட்டிலில் விழுந்து கூரையைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

"இன்னா சத்தம் அது? பாம் கீம் வெச்சிட்டானுங்களா?" என்று மாமா எழுந்துவிட்டார். பந்தியில் இருந்தவர்கள் கையை இலையில் வைத்தபடி என்னையே பார்க்கிறார்கள். நான் அந்தக் கூரையைப் பார்த்து "ரேவதி, ரேவதி" என்று கத்துகிறேன்.

புகை பட்டால் கட்டடம் முழுவதும் அடிக்கிற அலாரமாம் அது. அடித்தால் எல்லோரும் வெளியே போய் நின்றே ஆக வேண்டுமாம். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் ராத்திரி உடுப்போடு குளிரில் நின்றிருக்கிறார்கள். தீயணைப்பு வண்டியே வந்துவிட்டது.

ரேவதி திரும்பி வந்து போனை எடுத்தபோது மூக்கெல்லாம் சிவந்திருந்தது. பின்னால் யாரோ பேசும் சத்தம்.

"யாருடி அது?"

"பக்கத்து ரூம் பொண்ணு சித்தி, நைஜீரியா. இன்னும் ரெண்டு மூணு பேரு கீறாங்க. ஏன் அடிச்சுதுன்னு கேட்டாங்க. எங்கம்மாவுக்குக் காரியம்னு சொன்னேன். திட்டுவாங்கன்னுதான் நெனச்சேன். அந்தப் பொண்ணு, அப்போ அந்தச் சோத்த யாரு சாப்புடறதுன்னு கேக்குது."

"நீ இன்னா சொன்ன?"

"எல்லாரும் சாப்புடணும்னு சொல்லிட்டேன்."

வைத்த சோறு பத்தாமல் மறுபடி உலை வைத்தாளாம். காரம் தாங்காமல் ஒரு பையன் ஓடிப்போய்க் குழாயிலேயே வாயை வைத்தானாம். அதைச் சொல்லும்போது சிரித்தாள், அக்கா. நீ போன பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

ஆனால் சாயங்காலமே விடுதி ஆபீசிலிருந்து எச்சரிக்கை வந்துவிட்டது. இன்னொரு முறை நெருப்பு வைத்தால் ரூமைக் காலி செய்ய வேண்டுமாம். மாமா அதைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தியா? பெத்தவளுக்கு ஒரு சாம்பிராணி கொளுத்த வுடமாட்றானுங்க. அது இன்னா ஊரு? கெளம்பி வா கண்ணு."

ரேவதி என்னைக் கேட்டாள். "நைனா வரச் சொல்லுது. நீ இன்னா சொல்ற சித்தி? அம்மா இருந்தா இன்னா சொல்லும்?"

நீ என்ன சொல்லியிருப்பாய்? எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவளை விமானம் ஏற்றிவிட்டு வந்த அன்று "அனுப்பாமலே இருந்திருக்கலாம்" என்று அழுதாய். மறுநாள் மார்க்கெட் முழுக்க "எம்பொண்ணு ஃபாரின்ல படிக்கிது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய். இதில் எதை நான் எடுத்துக்கொள்வது?

அதனால் எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்.

"உங்கம்மா காரியத்துச் சோத்த அங்க நாலு பேரு ஒக்காந்து துன்னுக்கீறாங்க. முன்ன பின்ன தெரியாதவங்க. இனிமே அது உனுக்கு அசலூரு இல்ல. முடிச்சிட்டு வா."

"அத்த சொல்ல நீ யாரு?" என்றார் மாமா.

"நான் அவளுக்குச் சித்தி. திட்றதுன்னா என்னத் திட்டுங்க மாமா. அவள வரச் சொல்லாதீங்க."

கொஞ்ச நாள் என்னோடு பேசாமல் இருந்தார். அப்புறம் குழம்பு கேட்டுக் கிண்ணத்தோடு வந்து நின்றார். நானும் ஒன்றும் கேட்காமல் ஊற்றிக் கொடுத்தேன்.

ரேவதி இப்போது கிளாஸுக்குப் போகிறாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். சில நாள் போன் போட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் அழுகிறாள். நான் போனை ஐஸ் பெட்டிமேல் சாய்த்து வைத்துவிட்டு மீனை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். "அழுதுட்டியா? மூஞ்சக் கழுவு, கிளாஸுக்கு நேரமாவுது" என்பேன். போகிறாள்.

நான் சொன்னது சரிதானா அக்கா? தனியாக இருந்து அவள் ஒடிந்துபோனால் யார் பதில் சொல்வது? நான்தான் சொல்ல வேண்டும். அது தெரிந்துதான் சொன்னேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி ஒரு நாள்கூட இருக்க முடியாது என்று அவளே சொன்னால், ஏன் என்று ஒரு கேள்வி கேட்க மாட்டேன், கதவைத் திறந்து வைத்திருப்பேன். அதுவரைக்கும் "வந்துடு" என்கிற வார்த்தை இந்த வீட்டிலிருந்து அவள் காதுக்குப் போகாது. மாமா வாயிலிருந்து வந்தால் போனைப் பிடுங்கிக்கொள்வேன். என் வாயிலிருந்தே வரப் பார்க்கிற அன்றைக்கு, பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்துவிடுவேன்.

உன் கூடப் பிறந்தவள்,
ரேவதியின் சித்தி,
வசந்தா
நொச்சிக்குப்பம்