தொடாமல் திரும்பும் குமிழ்

2 ஜூலை 2025, புதன்

காந்தம் ஒருவழியாக வந்துசேர்ந்தது. சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லாத இதற்குப் பதினெட்டு நாள் காத்திருந்தேன். முதல் தடவை அந்தக் கடைக்காரன் தப்பான வகையை அனுப்பித் தொலைத்தான். சாதாரண காந்தத்தில் மேல்பக்கம் வடக்கு, அடிப்பக்கம் தெற்கு. எனக்கு வேண்டியதில் வட்டத்தின் ஒரு பாதி வடக்கு, மறுபாதி தெற்கு. காற்றாடி சுவிட்சுக்குப் பதிலாக நான் செய்யும் திருப்பு குமிழின் அடியில் இதை ஒட்டிவிட்டால் போதும். கீழே இருக்கும் சென்சர், காந்தம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தொடாமலே சொல்லிவிடும். உரசல் இல்லை, தேய்மானமும் இல்லை.

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போதே வெள்ளையம்மா அக்கா பிடித்துக்கொண்டார். "தம்பி, காத்தாடி சுவிச்சு மறுபடி சிக்கிக்கிச்சு லா. புள்ளைக்கு வேர்த்து ஊத்துது." சரி அக்கா, சரி. அதற்குத்தானே இவ்வளவு பாடும்.

என் மனைவி பிரவீனா கார் விபத்தில் அடிபட்டுப் படுத்து நாலரை மாதம் ஆகிறது. கண் திறந்திருக்கிறது. பேச்சு இல்லை, அசைவு இல்லை. உள்ளே ஏதாவது தெரிகிறதா என்பதே சந்தேகம் என்கிறார் டாக்டர். காலை ஏழு மணிக்கு நான் செனாயில் உள்ள தொழிற்சாலைக்குக் கிளம்பினால், பின்வீட்டு வெள்ளையம்மா அக்கா வந்து, நான் திரும்பும்வரை பார்த்துக்கொள்கிறார்.

5 ஜூலை, சனி

முடிந்தது! பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து கழற்றிய பேரிங். மேல்மூடியை எங்கள் தொழிற்சாலை ஜீவன் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பிளாஸ்டிக்கில் அச்சிட்டுக் கொடுத்தான். சுற்றிலும் சின்ன விளக்கு வளையம், குமிழ் அசைந்தால் பச்சையாக எரியும். வலப்பக்கம் திருப்பினால் காற்றாடி வேகம், இடப்பக்கம் திருப்பினால் மெது. ஒவ்வொரு அசைவும், எத்தனை டிகிரி, எத்தனை மணிக்கு என்று என் கைபேசிக்கு வந்துவிடும். சும்மா ஒரு ஆசைக்குச் செய்தது.

கட்டிலின் வலப்பக்கச் சட்டத்தில் பலகை அடித்து, அவள் கைப்பக்கத்தில் பொருத்தினேன். அக்கா நிற்கும் இடம் அதுதான். நானே என்னை மெச்சிக்கொள்கிறேன். வேறு யார் மெச்சுவார்?

6 ஜூலை, ஞாயிறு

சிகாமட்டிலிருந்து அர்ச்சுனன் மச்சான் வந்தார், பிரவீனாவின் அண்ணன். அவர் மனைவி ஏதோ கம்பெனிக்கு ஆள் சேர்த்து விற்கும் காந்தக் காப்பு ஒன்றைக் கொண்டுவந்து பிரவீனாவின் வலது கையில் மாட்டினார். கறுப்பு மணிகள். ரத்த ஓட்டத்துக்கு நல்லதாம். சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

பிறகு பழைய பேச்சு. பொந்தியானில் ஒரு பராமரிப்பு இல்லம் இருக்கிறதாம், அங்கே விடலாமாம். முடியாது, என் மனைவியை நானே பார்த்துக்கொள்வேன் என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. "உங்கள மாதிரி புருசன் யாருக்குக் கிடைக்கும் மாப்பிள்ள? இவளா தேடிக்கிட்டது. லைசென்சு எடுத்து ரெண்டு வருசம்கூட ஆவல, மழையில எதுக்கு ஸ்டியரிங்கப் புடிச்சா?"

நான் எழுந்துபோய்க் காற்றாடி வேகத்தைக் கூட்டினேன்.

9 ஜூலை, புதன்

காலை 11.42. குமிழ் ஏழு டிகிரி வலப்பக்கம் போய், நாலு நிமிடம் நின்று, திரும்பியிருக்கிறது. அக்கா துடைத்திருப்பார்.

10 ஜூலை, வியாழன்

11.40. மறுபடியும். ஒன்பது டிகிரி.

11 ஜூலை, வெள்ளி

11.41. அக்காவிடம் கேட்டேன். "நான் ஏன் தம்பி அதத் தொடப்போறேன்? அந்நேரம் கிச்சன்ல சோறு வடிச்சிக்கிட்டு இருப்பேன்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "நேத்து திரும்பி வர்றேன், அது பச்சையா மின்னிக்கிட்டு இருக்கு. யாருமே தொடல. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு."

14 ஜூலை, திங்கள்

சனி, ஞாயிறு நான் வீட்டில் இருந்தேன். ஒன்றுமில்லை. இன்று 11.39.

பேய் என்று எழுத நான் என்ன மடையனா? காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தேன். மின்கம்பியை மாற்றினேன். காற்றாடி மோட்டாரை அணைத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் அந்நேரம் ஆளே இல்லை. இதற்கு நடுவில் அக்கா குமிழுக்குத் திருநீறு பூசி, எலுமிச்சம்பழம் வேறு வைத்திருக்கிறார். பேரிங்குக்குள் திருநீறு! ஒரு மணிநேரம் சுத்தம் செய்தேன். கத்தவும் முடியவில்லை, அவர் முகத்தைப் பார்த்தால்.

16 ஜூலை, புதன்

இன்று குமிழையே கழற்றி எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். காந்தம் என் சட்டைப்பையில். கட்டில் சட்டத்தில் வெறும் சென்சர் மட்டும் திறந்து கிடந்தது. இந்தச் சென்சருக்கு ஒரு வழக்கம் உண்டு. எதிரே காந்தம் இருந்தால் 'உண்டு' என்று சொல்லும், இல்லாவிட்டால் 'இல்லை'. காலையிலிருந்து 'இல்லை, இல்லை' என்று வந்துகொண்டிருந்தது.

11.43. உண்டு.

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். காந்தம் அங்கேதான் இருந்தது. வீட்டுக்கும் எனக்கும் நடுவே இருபது கிலோமீட்டர். ஐந்து நிமிடம் 'உண்டு, உண்டு' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஜீவன், "என்ன அண்ணே, மூஞ்சி வெளுத்துப் போச்சு?" என்றான். பசி என்றேன்.

17 ஜூலை, வியாழன்

லீவு போட்டுவிட்டுக் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. ஒன்றுமே இல்லை. பிரவீனா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

18 ஜூலை, வெள்ளி

பழைய கைபேசி ஒன்றை அலமாரிமேல் வைத்து, படம் பிடிக்க விட்டுப் போனேன். முழு நாளும் ஓட்டிப் பார்த்தேன். எதுவும் நடக்கவில்லை. ஆனால் ஒன்று — காலை பத்து மணியிலிருந்து அவள் கண் கூரையில் இல்லை. கைபேசியையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

தற்செயலாக இருக்கும்.

21 ஜூலை, திங்கள்

கைபேசியை எடுத்துவிட்டேன். 11.40. உண்டு.

22 ஜூலை, செவ்வாய்

சென்சர் பலகையைக் கழற்றி வைக்கலாம் என்று குனிந்தேன். உள்ளங்கையில் நாலு சின்ன இரும்புத் திருகாணி. அவள் கையைத் தாண்டி எடுக்கும்போது ஒரு திருகாணி துள்ளிப் போய் அவள் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது.

காந்தக் காப்பு!

அப்படியே நின்றேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான். காந்தம் வீட்டில்தான் இருந்தது. அவள் கையில் இருந்தது. அந்தக் கை நகராது என்று நினைத்தேனே, அது ஒன்றுதான் என் கணக்கில் பிழை. அக்கா அடுப்படிக்குப் போனதும் அவள் தன் கையை நகர்த்தி நகர்த்திக் குமிழ் வரைக்கும் கொண்டுவருகிறாள்; காப்பு கிட்டே வந்ததும் சென்சர் ஏமாந்துவிடுகிறது. ஆள் வரும் சத்தம் கேட்டால் திரும்ப வைத்துவிடுகிறாள். இத்தனை நாளும் பழகியிருக்கிறாள்!

"பிரவீனா!" என்றேன். அழுகை வந்துவிட்டது. சந்தோசத்தில்தான், சத்தியமாகச் சந்தோசத்தில்தான். "கேக்குதாம்மா? கைய அசை பாப்போம்."

அசைக்கவில்லை. கூரையையே பார்த்தாள். ஆனால் கழுத்து நரம்பு படபடவென்று துடித்தது.

23 ஜூலை, புதன்

வேலைக்குப் போகவில்லை. மச்சானுக்குப் போன் போடக் கையில் எடுத்தேன், வைத்தேன். நாலு தடவை.

கை அசைவதை அவள் டாக்டரிடம் காட்டவில்லை, அக்காவிடம் காட்டவில்லை. என்னிடம் ஏன் மறைக்க வேண்டும்? ஏன் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். என்னைக் கண்டு பயம்.

இதை நான் எங்கேயும் எழுதியதில்லை. இங்கே எழுதுகிறேன். வண்டியை ஓட்டியது நான்.

பிப்ரவரி பதினைந்து. சிகாமட்டில் கல்யாண விருந்து. மூணு டின் பீர். "நான் ஓட்டறேங்க, சாவியக் குடுங்க"ன்னு கெஞ்சினா. போடி, உனக்கு என்ன தெரியும்னேன். செடெனாக் தாண்டி, செம்பனைத் தோட்டத்துப் பழைய ரோட்டில் வண்டி வழுக்கி மரத்தில் போய் மோதியது. அவள் பக்கக் கதவு மரத்தோடு நசுங்கிவிட்டது. என் பக்கக் கதவு வழியாகத்தான் அவளை இழுத்துப் புல்லில் கிடத்தினேன். மோட்டார்சைக்கிளில் வந்த ஒரு மலாய்க்காரர் ஓடிவந்து கேட்டார், "சியாப்பா பாவா?" யார் ஓட்டியது?

ஓட்டுநர் கதவுக்குப் பக்கத்தில் அவள் கிடந்தாள். "இஸ்தெரி" என்றேன். மனைவி. அந்த ஒரு வார்த்தைதான். போலீசும் அதையே எழுதிக்கொண்டது, மச்சானும் அதையே நம்பினார்.

அதைச் சொல்லும்போது கீழே குனிந்து பார்த்தேன். அவள் கண் திறந்திருந்தது.

24 ஜூலை, வியாழன்

காப்பைக் கழற்றிவிட்டேன். தோலில் உரசுகிறது என்று அக்காவிடம் சொன்னேன். குமிழை மறுபடி மாட்டி, பலகையை ஒரு சாண் தள்ளி அடித்தேன். பிறகு மச்சானுக்குப் போன் போட்டேன். நீங்கள் சொன்னதுதான் சரி, பொந்தியான் இல்லத்திலேயே விட்டுவிடலாம் என்றேன். "ஒத்தையில எவ்வளவு நாள்தான் தாங்குவீங்க மாப்பிள்ள"ன்னு அவர் அழுதார்.

11.40க்கு ஒன்றும் வரவில்லை.

25 ஜூலை, வெள்ளி

இல்லத்துக்கு டாக்டரின் கடிதம் வேண்டும். கிளினிக் டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். ஏதாவது அசைவு உண்டா என்று மலாயில் கேட்டார்.

"தாக் அடா." இல்லை.

எவ்வளவு சுலபமாக வருகிறது எனக்கு.

27 ஜூலை, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

பத்து மணிக்கு மச்சான் வேனோடு வந்துவிட்டார். இல்லத்தில் சேர்க்கப் பூர்த்தி செய்த பாரங்களை நகல் எடுக்க நான் கடைக்குப் போனேன். வரிசையில் நிற்கும்போது சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. குமிழ்: வலம், முப்பது டிகிரி. அக்கா காற்றாடியைக் கூட்டுகிறார் என்று நினைத்தேன். மறுபடி வலம். மறுபடியும் வலம். இடம். கொஞ்ச நேரம் கழித்து, இடம். காற்றாடியை யாரும் இப்படி வைக்கமாட்டார்கள். பாரங்களைக் கடையிலேயே போட்டுவிட்டு ஓடினேன்.

அறை வாசலில் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். மச்சான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். பலகையைப் பெயர்த்து அவள் கைக்கு அடியில் வைத்திருந்தார். அவள் விரல்கள் குமிழின் மேல். வளையம் பச்சையாக எரிந்தது.

"போயிட்டு வரோம்மான்னு சொல்லிட்டு இருந்தேன் மாப்பிள்ள. கை ஊர்ந்து ஊர்ந்து இதப் பாத்துப் போவுது. என்னடான்னு பக்கத்துல வச்சேன். காத்தாடி வேகமா சுத்துது. ஆமான்னா வலது பக்கம், இல்லன்னா இடது பக்கம் திருப்பும்மான்னேன்." அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. "வலிக்குதான்னேன், ஆமாங்கறா. நான் யாருன்னு தெரியுதான்னேன், ஆமாங்கறா. பொந்தியானுக்குப் போறியான்னேன், இல்லங்கறா. ஏம்மா அன்னிக்கு மழையில வண்டிய எடுத்தன்னேன். இடது பக்கம் திருப்பறா. விளங்கல. நீதான ஓட்டுனன்னேன்."

குமிழை ஒரு தடவை பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "அஞ்சு மாசமா என் தங்கச்சிய நானே திட்டிக்கிட்டு இருந்தேனே, ஐயோ, அவ காதுபடவே திட்டுனேனே"ன்னு தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

பிரவீனா என்னைப் பார்த்தாள். பிப்ரவரிக்குப் பிறகு முதல் தடவை, நேராக.

பிரவீனாவையும் குமிழையும் ஏற்றிக்கொண்டு வேன் சிகாமட்டுக்குப் போய்விட்டது.

2 ஆகஸ்ட், சனி

மச்சானிடமிருந்து ஒரே ஒரு செய்தி. குமிழ் அங்கே வேலை செய்ய என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார். அவர் வீட்டு வைஃபைக்கு மாற்றும் வழியை எழுதி அனுப்பினேன். அவளுக்கு இப்போது வாய் அதுதானே. என் கைபேசிக்குத் தகவல் வருவதை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

3 ஆகஸ்ட், ஞாயிறு

நாள் முழுக்க வருகிறது. வலம். வலம். இடம். வலம். பதில்கள் மட்டும்தான் எனக்கு வருகின்றன, கேள்விகள் வருவதில்லை. காலியான கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன கேட்டிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். 'பசிக்குதா' என்றிருக்கும். 'அவன் வந்தா பாக்குறியா' என்றுகூட இருக்கலாம். 4.10க்கு வேகமாக மூன்று தடவை இடம், இடம், இடம்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

வெள்ளையம்மா அக்கா வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். வாசலுக்கு உள்ளே வரவில்லை. "நாளைக்குப் பத்து மணிக்கு சிகாமட்டுக்குப் போலீசு வருதாம். அர்ச்சுனன் சொல்லச் சொன்னாரு." தம்பி என்று அழைக்கவில்லை.

6 ஆகஸ்ட், புதன்

10.06. இடம்.

10.07. வலம்.

இந்த இரண்டு கேள்விகளும் என்னவென்று எனக்குத் தெரியும்.

காற்றாடியை நிறுத்திவிட்டேன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, அடையாள அட்டையை எடுத்து வைத்து, வாசல் கதவைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.